முட்டிக் கவசம்

வூச் நகரம். நவம்பர் ஞாயிறு.
மூடிப்போன நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
பதினோரு பேர், பதினோரு கேமரா.
நாற்பது ஸ்லோட்டி கூடக் கட்டினால் மதியம் சூப்.
வரும்போதே முட்டிக் கவசம் கட்டிக்கொண்டு வந்தவன்
நான் ஒருவன்தான்.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள்.
பாக்கிக்கு ஈடாக ஒரு வாடிக்கையாளர் தள்ளிவிட்ட சீட்டு இது
என்று சொல்லாமல்
நாய் பிடிக்கும் என்றேன்.

"மண்டியிடுங்கள்" என்றாள் போக்னா.
"அதன் கண் எந்த உயரமோ
உங்கள் கண்ணும் அந்த உயரம்."
பல் மருத்துவர் கால் மாற்றிக் கால் மாற்றி முனகினார்.
ரதோஷ் என்ற பையன் அரைமணியில் சுவரோடு சாய்ந்துவிட்டான்.
எனக்கு இருபத்திரண்டு வருடப் பிழைப்பே மண்டியில்தான்:
குளியலறைகள், மீன்கடைகள், ஒருமுறை பிணவறை.
ஓடு பதிப்பவனின் உலகம்
கணுக்காலில் தொடங்கி
அலமாரிக்கு அடியில் முடியும்.

கேமரா வாங்கியதும் அதற்கே,
முடித்த தரையைக் காட்டி அடுத்த தரை பிடிக்க.
ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம் என் படங்களை.
உயிர் என்று அவற்றில் எதுவும் கிடையாது,
காயாத பூச்சில் நடந்துபோன ஒரு பூனையின் தடம் தவிர.
அதை அப்படியே விடு என்றாள் வீட்டுக்காரி.
கூலியை நான் குறைக்கவில்லை.

மாதிரிக்கு வந்தவள் பெயர் மோன்கா. மாவு என்று பொருள்.
மூக்கு தவிர மொத்தமும் வெள்ளையான பாக்ஸர்.
"கேமராவுக்கு வெள்ளைமேல் நம்பிக்கை கிடையாது" என்றாள் போக்னா.
"உலகமே சாம்பல் என்று எண்ணிப் பிறந்த பெட்டி.
ஒரு படி வெளிச்சம் கூட்டுங்கள்.
வெள்ளைதான் இது என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்."
கூட்டினோம்.
துவைக்காத துணியின் நிறத்திலிருந்து
மெல்ல வெளியே வந்தாள் மோன்கா.

ஆனால் யார் பக்கமும் திரும்பவில்லை.
ரப்பர் பொம்மையை அமுக்கினார்கள், கீச்.
விசில். சாவிக்கொத்து.
பல் மருத்துவர் ஆடுபோலக் கத்தினார்,
நன்றாகவே கத்தினார்.
மோன்கா ஜன்னலுக்கு வெளியே
டிராம் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளை அழைத்து வந்த ஹல்ஷ்கா
தன் காலணி நாடாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"காது கேட்காது. பிறவியிலேயே.
முதலில் சொன்னால் வேண்டாம் என்பீர்களோ என்று..."

ஒரு நிமிடம்
பதினோரு பேருக்கும் காது கேட்கவில்லை.

நான் யோசித்துச் செய்ததல்ல. பழக்கம்.
பதித்து முடித்த தரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவோம்,
அடியில் காரை இறங்காத இடம் தேடி.
இங்கே ஆலைக் காலத்துப் பலகை.
தட்டினேன். தட்டினேன். ஓரிடத்தில் பொள்ளல்.
அது மரத்துக்குள் ஓடி
நான்கு பாதங்களிலும் ஏறியிருக்க வேண்டும்.
மோன்கா திரும்பினாள்.
கேட்கும் காதுகள் போலவே
இரண்டும் தூக்கி நின்றன.

பத்து கேமராக்கள் படபடத்தன.
என்னுடையது தரையில் கிடந்தது, தொடைக்கருகே.

பெரிய திரையில் ரதோஷின் படம் வந்தது.
கண்ணில் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலில் கம்பி தெரிகிறது.
கீழ் ஓரத்தில் மங்கலாக ஒரு கை,
சிமெண்ட் தின்ற நகங்களோடு.
"அதை வெட்டிவிடவா?" என்றான்.
அப்படியே விடு என்றாள் ஹல்ஷ்கா.

சூப் ஆறிவிட்டது. பீட்ரூட்.
ஜன்னலோரம் மூன்றாவது பலகைக்குத் தாங்குகட்டை இல்லை,
ஒருநாள் யார் காலாவது உள்ளே போகும்
என்றேன் போக்னாவிடம்.
எவ்வளவு ஆகும் என்றாள்.
சொன்னேன். கொஞ்சம் அதிகம்தான்.

கவசத்தைக் கழற்ற உட்கார்ந்தபோது
தட்டவில்லை, கூப்பிடவில்லை,
மோன்கா தானாக வந்து
லென்ஸில் மூக்கை வைத்தாள்.
அழுத்தினேன்.

டிராமில் எடுத்துப் பார்த்தேன்:
எதிலும் குவியாத ஒரு சாம்பல், ஓரம்வரை ஈரம்.
கட்டைவிரலால் திரையைத் துடைத்தேன்.
போகவில்லை.